இப்ப ஆர் செத்தது?

எங்கள் கணினித் திரையில் முதன்முதலாகச் சிவப்பு எழுத்து வந்தபோது, என் பக்கத்தில் இருந்த அக்கா அதை வகுப்பு முழுவதற்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டி, மாதா கோயில் பூசையில் நிருபம் வாசிப்பதுபோல, ஆறுதலாக. வாசித்து முடித்துவிட்டு, "சேர், எங்களுக்குப் பிழைச்சுப்போச்சு" என்று கையையும் உயர்த்தினார். அதற்கிடையில் நான் உள்ளங்கையை விரித்துத் திரையை மூடிவிட்டிருந்தேன்.

"கையை எடும் பிள்ளை. சேர் பாக்கட்டும்."

"அக்கா, மெதுவாக் கதையுங்கோ. எல்லாரும் பாக்கினம்."

"பாத்தா? இப்ப ஆர் செத்தது?"

பிழை என்னுடையது. விசைப்பலகை என் முன்னால்தான் இருந்தது. அக்கா அதைச் சொல்லவில்லை. 'எங்களுக்கு' என்றுதான் சொன்னார். ஆனால் அன்று அது எனக்கு நன்றியாகத் தெரியவில்லை. இந்த மனிசிக்குப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டேனே என்று இருந்தது.

வேலணையில் ஒரு நூலகத்தின் மேல்மாடியில் சனிக்கிழமைகளில் நடந்த இலவச வகுப்பு அது. கணினிக்கு எப்படிக் கற்றுக் கொடுப்பது என்று எங்களுக்குக் கற்றுக் கொடுப்பார்கள் என்று அறிவித்தல் சொன்னது. தீவுப்பகுதி இளைஞர் யுவதிகளுக்கு என்றும் சொன்னது. அக்காவுக்கு ஐம்பதை எட்டிப்பிடிக்கிற வயது. பதிவு செய்த தம்பி, "அம்மா, இது இளம் ஆக்களுக்கு" என்று இழுத்திருக்கிறான். "அப்ப நான் கிழவி எண்டு ஒரு துண்டிலை எழுதித் தாரும், திரும்பிப் போறன்" என்றாராம். எந்தப் பிள்ளை அப்படி எழுதிக் கொடுக்கும்? சேர்த்துவிட்டான். வேலை செய்யும் கணினிகள் குறைவு என்பதால் இரண்டு பேருக்கு ஒன்று. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு இருந்துவிட, கடைசியில் மிஞ்சியது நானும் அவரும்.

ஊர்காவற்றுறையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தார். கண்ணாடியைத் தங்கூசி நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், வலை பின்னுகிற அதே நைலோன் நூல்தான். வெயிலோ மழையோ ஆண்பிள்ளைகள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை ஒன்று. கடவுச்சீட்டுப் படிவம் நிரப்பவும், பரீட்சை முடிவு பார்க்கவும், வெளிநாட்டுப் பிள்ளைகளோடு திரையில் முகம் பார்த்துக் கதைக்கவும் சனம் அவரிடம்தான் வரும். "தெரியாது எண்டு சொல்ல எனக்கு வெக்கமில்லை. ஆனா ஒரு ஆளுக்கு ரெண்டாந்தரமும் தெரியாது எண்டு சொல்லப்பிடாது" என்பார். இந்த வகுப்புக்கு வந்ததும் அதற்காகத்தான். யாரோ ஒரு பெடியன் கடையில் வந்து கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். நாங்கள் புங்குடுதீவு, மடத்துவெளி. அப்பா அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் மானம்தான் மூத்த பிள்ளை, எனக்குச் சோறு அதற்குப் பிறகுதான். உயர்தரப் பரீட்சையில் எனக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அப்பா இரண்டு நாள் வெளியில் இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கியபோது, மகள் யாழ்ப்பாணத்தில் கம்பஸில் கணினி படிக்கிறாள் என்று வாசிகசாலையில் சொல்லிவிட்டு வந்தார். அதன்பிறகு நான் சனிக்கிழமைகளில் நல்ல சீலை உடுத்து, கையில் பையோடு பஸ் ஏறினால், ஊர் என்னைக் கம்பஸ் பிள்ளை என்றே பார்த்தது. பஸ் வேலணையில் என்னை இறக்கிவிடுவதை ஊர் பார்க்காமல் இருக்க, ஒரு தரிப்பிடம் தள்ளி இறங்கி நடந்து வருவேன்.

வகுப்பு முடிவில் யாழ்ப்பாணத்து நிறுவனம் ஒன்று வந்து பார்த்து, ஒருவரைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு எடுக்கும் என்று சேர் முதல் நாளே சொல்லியிருந்தார். எனக்கு அந்த இடம் கிடைத்தால் அப்பாவின் பொய் அரைவாசியாவது உண்மையாகிவிடும். கிடைக்காவிட்டால் என்ன என்று நானும் அப்பாவும் கதைத்ததே இல்லை.

சேர் நல்லவர், இளம் ஆள். "இந்த மென்பொருள் சட்டகம் இருக்கிறதாலை நீங்கள் எல்லாத்தையும் அத்திவாரத்திலையிருந்து எழுதத் தேவையில்லை. வீட்டின்ரை சட்டம் நிக்குது. படத்தைக் குடுத்து, இது இன்னது எண்டு சொல்லிக் குடுத்தாச் சரி. மிச்சத்தை அது பிடிச்சிடும்" என்றார். நூலக இணைய இணைப்பில் அதை இறக்க முயன்று, பாதியில் அறுந்து, திரும்ப முயன்று, கடைசியில் அடுத்த கிழமை ஒரு பென்டிரைவில் கொண்டுவந்தார். முதல் பாடம் கையெழுத்து இலக்கங்கள். ஆயிரக்கணக்கான ஆக்கள் எழுதிய ஒன்றையும் இரண்டையும் காட்டிக் காட்டி, புதிதாக ஒருவர் எழுதினால் அது என்ன இலக்கம் என்று சொல்ல வைப்பது. "விளங்குதோ?" என்று சேர் கேட்பார். "ஓம் சேர்" என்போம் எல்லோரும். எங்கள் பள்ளிக்கூடங்களில் பழக்கிய ஓம் அது. விளங்கினாலும் ஓம், விளங்காவிட்டால் இன்னும் பலமாக ஓம்.

"எனக்கு விளங்கேல்லை" என்பார் அக்கா.

எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பும். நான் குனிந்து பையில் எதையாவது தேடுவேன். சேர் திரும்பவும் முதலிலிருந்து சொல்வார். உண்மையைச் சொன்னால் அந்த இரண்டாவது தரத்தில்தான் எனக்கும் விளங்கும். அதை நான் யாருக்கும் காட்டிக்கொண்டதில்லை.

எல்லாக் கேள்வியும் கெட்டிக்காரக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். இவ்வளவு படத்தைக் காட்டினால் அதற்குக் களைக்காதோ என்று ஒருநாள் கேட்டார். பெடியள் மேசையில் அடித்துச் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். இன்னொரு நாள் நாங்கள் மூன்று கிழமையாகச் செய்த வேலை முழுவதையும் அழித்துவிட்டார். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. எழுந்து நின்று, "நான்தான் அழிச்சனான். இந்தப் பொத்தானை நீங்கள் ஒருத்தரும் அமத்திப் போடாதேங்கோ" என்று சபைக்கு அறிவித்தார். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவளுக்கு ஒரு பெயர் உண்டு. வெக்கங்கெட்டவள். நானும் மனசுக்குள் அதைத்தான் சொன்னேன்.

ஒவ்வொரு சோடியும் சொந்தமாக ஒன்று செய்து காட்டவேண்டும் என்று சேர் சொன்னபோது, யோசனை என்னுடையது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வள்ளம் போகும். காற்றுக் காலத்தில் போகும், போகாது. போகுமா என்று அறியச் சனம் இறங்குதுறைத் தேத்தண்ணிக் கடைக்குப் போன் பண்ணிக் கேட்கும். "அண்ணை, இண்டைக்குக் கடல் எப்பிடி?" கடைக்காரர் தேத்தண்ணி ஆற்றினபடியே சொல்வார். அவருக்குப் பதிலாக, கடலின் படத்தைப் பார்த்து "ஓடும்", "ஓடாது" என்று கணினியே சொன்னால்? சேருக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

படம் எடுக்க நானும் அக்காவும் ஒரு காலை வேலணையில் சந்தித்து, குறிகட்டுவான் பஸ்ஸில் போனோம். நான் முன்னால், அக்கா பின்னால். புங்குடுதீவுப் பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு குரல்: "பிள்ளை! போன சனி வேலணையிலை எங்களுக்குப் பிழைச்சதெல்லோ, அது ஏன் எண்டு கண்டுபிடிச்சிட்டன்!" என் பக்கத்து இருக்கையில் எங்கள் அடுத்த காணிக்கார மாமா இருந்தார். "வேலணையிலையோ? கம்பஸ் யாழ்ப்பாணத்திலையெல்லோ?" என்றார். எனக்குக் காதுமடல் வரைக்கும் கொதித்தது. செய்முறைப் பயிற்சி அங்கே என்று எதையோ உளறினேன். அன்று இறங்குதுறையில் அக்காவோடு நான் கதைக்கவே இல்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. கடலையும், வள்ளத்தையும், கோயிலுக்குப் போகிற சனத்தையும் படம் எடுத்துத் தள்ளினார்.

அது போதவில்லை என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு வாங்கினோம். நாகபூசணி அம்மனுக்குப் போனவர்கள் எடுத்த செல்பி, பள்ளிக்கூடச் சுற்றுலா, கலியாண வீட்டுக்காரர் வள்ளத்தில் எடுத்தது. எல்லாவற்றிலும் பின்னால் கடல். ஓடாத நாட்களுக்குத் தேத்தண்ணிக் கடை அண்ணை சில படங்கள் அனுப்பினார். எல்லாவற்றையும் கொடுத்துக் கற்பித்தோம். முடிவில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரி என்று காட்டியது. சேர் கைதட்டினார். அப்பா அன்றிரவே கனடாவுக்கும் சுவிசுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டார்.

சோளகக் காற்று மாறி மாறி அடித்த ஒரு பகல், கடைசி நாளுக்கு ஆயத்தம் செய்ய மடிக்கணினியோடு அக்காவின் கடைக்குப் போனேன். நெடுந்தீவில் அவருக்கு ஒரு தங்கை. அங்கே வள்ளம் இல்லாமல் சனம் தவிக்கிறது என்று தங்கை போனில் கடலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அலை இறங்குதுறைக்கு மேலால் பாய்கிறது.

"இதைக் காட்டிப் பாப்பம்" என்று போனைக் கமராவுக்கு நேரே பிடித்தார் அக்கா.

ஓடும், என்றது.

அக்கா பலமாகச் சிரித்தார். மடிக்கணினியைத் திருப்பி, சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினார். ஓடும். போட்டோக்கொப்பி மெசினைக் காட்டினார். ஓடும். எனக்குப் பழக்கதோசம், கையை விரித்துத் திரையை மூடினேன். மேலே இருந்த கமராவும் சேர்ந்து மூடப்பட்டது. விரல் இடுக்கால் பார்த்தேன். என் உள்ளங்கைக்கும் ஓடும் என்றது.

ஏன் என்று விளங்க எனக்குக் கனநேரம் எடுக்கவில்லை. வள்ளம் ஓடாத நாளில் குறிகட்டுவானுக்கு யார் போகிறார்? தேத்தண்ணிக் கடைக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டு எல்லோரும் வீட்டில் இருக்கிறோம். ஆள் போகாத இடத்தில் படம் எப்படி இருக்கும்? நாங்கள் சேர்த்த படங்கள் ஏறக்குறைய முழுவதும் ஓடின நாட்கள்தான். கண்ணை மூடிக்கொண்டு ஓடும், ஓடும் என்று சொன்னாலே தொண்ணூறுக்கு மேல் சரி. கடைக்காரர் அனுப்பியதில் ஒன்றிரண்டைப் பாடமாக்கி வைத்துக்கொண்டு ஒப்பித்திருக்கிறது. என்னைப்போலத்தான். விளங்காமலே ஓம் சேர்.

"அக்கா, இதை ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம்" என்றேன். "அண்டைக்கு நாங்கள் அது சரியாச் சொல்லுற படங்களை மட்டும் காட்டுவம். உங்களைக் கும்பிட்டன். அப்பா வாறார்."

அவர் எப்போதும் கேட்கிற 'இப்ப ஆர் செத்தது?' வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

"என்ரை மனிசன் கடல்தொழிலுக்குப் போற ஆள்" என்றார். "ஒருநாள் வெளிக்கிடேக்கை என்னட்டைச் சொன்னவர், காத்துச் சரியில்லை, போக மனமில்லை, சொன்னா மற்றவங்கள் சிரிப்பாங்கள் எண்டு. போனவர்."

வெளியில் குடை பறக்கிற காற்று. நான் மடிக்கணினியை மூடினேன்.

"நான் வாய் திறக்கமாட்டன், பயப்பிடாதையும். உது உம்மடை அலுவல். நீர்தான் பாக்கவேணும்" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

எத்தனை சனிக்கிழமை அந்த மனிசியின் வாயை அடைக்க வழி தேடியிருப்பேன். அடைபட்டபோதுதான் அது எவ்வளவு பாரம் என்று தெரிந்தது. அந்தக் கேள்வியை நான் பகிடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு தரமும் உண்மையாகவே கேட்டிருக்கிறார். பிழை விட்டால் ஆள் சாகிற இடமும் உண்டு, சாகாத இடமும் உண்டு, இது எது என்று.

கடைசி நாள் மண்டபம் நிறைந்திருந்தது. அப்பா முன்வரிசையில், வெள்ளைச் சேட்டோடு, முதுகை நிமிர்த்திக்கொண்டு. நிறுவனத்திலிருந்து ஒரு அம்மாவும், இன்னும் சில அதிகாரிகளும். நான் படங்களைக் காட்டினேன். ஓடும். ஓடும். ஓடாது. ஓடும். எல்லாம் சரி. கைதட்டினார்கள். அக்கா என் பக்கத்தில் மடியில் கையைக் கட்டிக்கொண்டு, பூசைக்கு வந்த சின்னப் பிள்ளைபோல வாய் மூடி இருந்தார்.

அப்போது அதிகாரி ஒருவர் எழும்பினார். "பிள்ளை, இது மெத்த நல்ல வேலை. இதை இறங்குதுறையிலை பொருத்திப் பூட்டினா என்ன? சனத்துக்கும் உதவி, வள்ளக்காரருக்கும் உதவி."

அப்பா தலையாட்டினார். சேரும் தலையாட்டினார். நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு சொல், ஒரு இருமல், ஏதாவது? அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூட்டலாம் சேர் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அதற்குள் கை எழும்பிப் போய்க் கமராவை மூடியது.

பெரிய திரையில், சபை முழுவதும் பார்க்க, வந்தது: ஓடும்.

முதலில் யாரோ ஒரு பெடியன் சிரித்தான். பிறகு எல்லோரும். "இது என்ரை கை" என்றேன். "கைக்கும் ஓடும் எண்டுதான் சொல்லும். சுவருக்கும் சொல்லும். நாங்கள் குடுத்த படம் முழுக்க ஓடின நாள். எனக்கு முந்தியே தெரியும். மறைக்கச் சொன்னனான்." மூக்கு ஒழுகியது, துடைக்க லேஞ்சி இல்லை. அந்த நேரம் நிலம் பிளந்து என்னை எடுத்திருந்தால் நான் நன்றி சொல்லியிருப்பேன். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுவனத்து அம்மா, "சரி, இருங்கோ" என்றார். அவ்வளவுதான். பனங்காயையும் தேங்காயையும் பிரித்துக் காட்டிய, சரவணை ஊர்ப் பெடியனுக்கு அந்த இடம் போனது. அவனுடையது உண்மையிலேயே வேலை செய்தது.

நான் நூலகப் படியில் குந்தியிருந்து அழுதேன். அக்கா குடையை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"இப்ப ஆர் செத்தது?"

"அப்பா" என்றேன்.

அக்காவுக்கு வந்த சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும் அழுகைக்குள்ளே சிரிப்பு வந்தது. அதற்குள் ஊர்காவற்றுறை பஸ் வர, குடையை உயர்த்தி அதை மறித்து ஏறிப் போய்விட்டார். நான் அவரைக் கடைசியாகக் கண்டது அதுதான். அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் போனபோது கடையில் வேறு யாரோ தையல் மெசின் போட்டிருந்தார்கள். அவர் நெடுந்தீவில் தங்கையோடு இருக்கிறார் என்றார்கள். குறிகட்டுவானிலிருந்து ஒரு வள்ளப் பயணம். நான் இன்னும் போகவில்லை. போய் என்ன சொல்வது என்ற கூச்சம்தான், வேறொன்றுமில்லை.

அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்று வீட்டுக்குப் போன பஸ்ஸில் நடந்தது.

அப்பா எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. இரண்டு இருக்கை முன்னால் போய் இருந்தார். அதே அடுத்த காணிக்கார மாமா ஏறினார், அப்பாவுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. "என்ன அதிபர், மகளின்ரை விசயம் சரியே?" என்று கேட்டார். பஸ் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல், கண்ணாடி இல்லாத யன்னலால் உப்புக் காற்று. அப்பா வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

"கிடைக்கேல்லை. அவள் செய்தது பிழைச்சுப்போச்சு, அவளே சொல்லிப்போட்டாள். கம்பசும் அவளுக்குக் கிடைக்கேல்லை. நான்தான் பொய் சொல்லித் திரிஞ்சனான்."

பஸ் முழுவதும் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது, சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். மாமா "அதுக்கென்ன அதிபர்" என்று ஏதோ முணுமுணுத்தது கேட்டது. சாரதி வேகத்தைக் குறைக்கவில்லை. பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்து அழுதது. பாலம் முடிந்து பஸ் கரையில் ஏறியபிறகு, தலைப்பை மெல்ல விலக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அப்பாவின் கழுத்து சிவந்திருந்தது. மற்றபடி ஒருவரும் செத்திருக்கவில்லை.